நெல்லிப்பொடி: புதிதாகத் தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

முடி கருக்கும், சர்க்கரை இறங்கும், சளி அண்டாது என்று நெல்லிப்பொடி டப்பாக்கள் வாக்குறுதிகளை அள்ளி வீசுகின்றன. வாங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உடம்பு கேட்கும் வைட்டமின் சி மிகக் கொஞ்சம்தான். அது புரிந்தால், எதை வாங்குவது, எவ்வளவு சாப்பிடுவது, எங்கே நிறுத்துவது என்பதில் குழப்பம் வராது.

படி 1: தேவையைக் கணக்கிடுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2020 பரிந்துரைப்படி, ஒரு நாளைக்கு ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை, 100 கிராம் பெருநெல்லியில் சுமார் 250 மில்லிகிராம் இருப்பதாகச் சொல்கிறது. அப்படியானால் 40 கிராம் எடையுள்ள ஒரே காய் அன்றைய தேவையை முடித்துவிடும். காய் கிடைக்கும் காலத்தில் பொடி வாங்க வேண்டியதே இல்லை.

படி 2: எந்த வடிவம்?

• பொடி: காயவைக்கும்போது வைட்டமின் சி ஓரளவு குறையும். கடும் வெயிலில் உலர்த்தியதைவிட நிழலில் உலர்த்தியது மேல்.
• சாறு: கலக்காத சாறா, சர்க்கரை சேர்த்ததா என்று பாருங்கள்.
• மாத்திரை: அளவு சீராக இருக்கும், விலை கூடுதல்.
• லேகியம், தேன்நெல்லி: இனிப்பு அதிகம். நீரிழிவுக்காரர்களுக்கு ஏற்றதல்ல.

திரிபலா சூரணம் வேறு. அதில் நெல்லியோடு கடுக்காயும் தான்றிக்காயும் சேரும், வயிற்றையும் இளக்கும்.

படி 3: லேபிளைப் படியுங்கள்

உணவுப் பொருளாக விற்கப்படும் பொடியில் எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் மூன்றையும் பாருங்கள். நோயைக் குணமாக்கும் என்று எழுதியிருந்தால் அந்த டப்பாவை வைத்துவிடுங்கள்.

படி 4: அரை டீஸ்பூனில் தொடங்குங்கள்

முதல் வாரம் தினம் அரை டீஸ்பூன், சாப்பாட்டுக்குப் பிறகு, தண்ணீரிலோ மோரிலோ கலந்து குடிக்கலாம். வெறும் வயிற்றில் சிலருக்கு நெஞ்செரிச்சல் வரும். கொதிக்கும் நீரில் போடாதீர்கள். சூட்டில் வைட்டமின் சி சிதையும். புளிப்பு பல் எனாமலை அரிக்கும் என்பதால் குடித்ததும் வாய் கொப்பளியுங்கள். பொடியைக் காற்றுப் புகாத கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள்.

படி 5: எதை எதிர்பார்க்கலாம்?

உறுதியாகச் சொல்லக்கூடிய பலன், வைட்டமின் சி குறைபாடு தீர்வதும், கீரை, பயறு, கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவுவதும்தான். அதனால் மதியச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்வது நல்லது. கொலஸ்ட்ராலும் சர்க்கரையும் குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. அதை நம்பி டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தக்கூடாது. முடி கருக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை.

படி 6: யார் டாக்டரைக் கேட்க வேண்டும்?

• சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள்: சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும்.
• ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள்: ரத்தக்கசிவு கூடலாம்.
• அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள்: இரண்டு வாரம் முன்பே நிறுத்துவது பாதுகாப்பு.
• சிறுநீரகக் கல் வந்தவர்கள்: மிகையான வைட்டமின் சி உடம்பில் ஆக்சலேட்டாக மாறும்.
• தலசீமியா போன்ற காரணங்களால் உடம்பில் இரும்பு சேர்பவர்கள்.
• கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்: காயாகச் சமையலில் சேர்க்கலாம், மாத்திரையாகவோ சாறாகவோ தாமாக எடுக்க வேண்டாம்.

படி 7: எப்போது நிறுத்துவது?

பெரியவர்களுக்கு எல்லா வழியிலும் சேர்த்து நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் வைட்டமின் சி உச்சவரம்பு. பொடியால் மட்டும் அதை எட்டுவது அரிது. வைட்டமின் சி மாத்திரையையும் கூடவே விழுங்கும்போதுதான் கணக்கு தவறும். வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்துங்கள். டாக்டரிடம் போகும்போது டப்பாவையும் எடுத்துச் செல்லுங்கள். “நாட்டு மருந்துதானே” என்று சொல்லாமல் விடுவதுதான் பலரும் செய்யும் தவறு.