பாப்பாவோட முதல் கப்பலா? ஏறுறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

தங்கச்சி, நேத்து போன்ல கேட்டியே, "பாப்பாவுக்கு ஒன்றரை வயசுதான் ஆகுது, கப்பல்ல போலாமா, இல்ல கொஞ்சம் வளரட்டுமா?"ன்னு. தாராளமா போலாம். ஆனா ஒண்ணை மனசுல வச்சுக்கோ. கப்பல்ல சறுக்கு இருக்கு, ஷோ இருக்கு, நடுராத்திரி வரைக்கும் சாப்பாடு இருக்கு. பாப்பாவுக்கு அதுல எதுவும் கணக்கில்ல. அதுக்கு மத்தியானத் தூக்கம், நேரத்துக்குச் சோறு, பழகின மடி, இந்த மூணும் போதும். இந்த மூணும் கெடாத பயணமா பார்த்து டிக்கெட் எடு. நாங்க சின்னவனைக் கூட்டிக்கிட்டுப் போய் பட்ட பாட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

1. பக்கத்துலயே ஏறு

சிங்கப்பூர்ல கப்பல் நிறைய. ஆனா பூச்சோங்லருந்து 300 கிலோமீட்டருக்கு மேல காரோட்டி, ஜொகூர் பாலத்து நெரிசல்ல நின்னு, அப்புறம் கப்பல் வரிசையில நின்னா, ஏறும்போதே பாப்பா சோர்ந்துடும். கிள்ளான்ல ஆள் ஏத்துற கப்பலா தேடு. ஜெந்திங் ட்ரீம் மாதிரிக் கப்பல்கள் அங்கயும் வந்து போயிருக்கு. அட்டவணை அடிக்கடி மாறும், தேதியைப் பார்த்து எடு.

ஒரு எச்சரிக்கை. கப்பல் முனையம் இருக்கிறது பூலாவ் இண்டாவுல. கொமுட்டர் ரயில் கடைசியா நிக்கிற போர்ட் கிள்ளான் ஸ்டேஷன் பக்கம் இல்ல. அங்க இருக்கிறது பூலாவ் கேத்தாம் போற படகுத்துறை. கிராப்ல இடத்தைக் குறிக்கும்போது நல்லா பாரு. நம்ம பக்கத்துலருந்து எஸ்கேவிஇ நெடுஞ்சாலை நேரா அந்தத் தீவுக்கே போகுது. வெஸ்ட்போர்ட்டுக்குப் போற கண்டெய்னர் லாரிங்க வழி நெடுக இருக்கும், ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பிடு.

2. ரெண்டு மூணு ராத்திரி, மலாக்கா நீரிணை

ஒரு பக்கம் நம்ம தீபகற்பம், மறுபக்கம் சுமத்ரா. நடுவுல இருக்கிற கடல் பெரும்பாலும் அடங்கித்தான் கிடக்கும். மே மாசத்துலருந்து அக்டோபர் வரைக்கும் சில நாள் விடியக்காலையில சுமத்ரா பக்கத்துலருந்து காத்தும் மழையும் அடிச்சுட்டுப் போகும், அவ்வளவுதான். தென்சீனக் கடல் அப்படியில்ல. நவம்பர்லருந்து மார்ச் வரைக்கும் வடகிழக்குப் பருவக்காத்துல நல்லா ஆட்டும். முதல் தடவைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்களுக்குக் கடல் மயக்கம் ரொம்ப அபூர்வம். ரெண்டுலருந்து பன்னெண்டு வயசுக்குள்ளதான் அதிகம். அதனால குமட்டல் உனக்கு வரலாம், பாப்பாவுக்கு வராம இருக்கலாம். உன் மாத்திரையைக் கால்வாசி உடைச்சு அதுக்குக் குடுக்கிற வேலை மட்டும் கூடாது. டாக்டரைக் கேக்காம எதுவும் குடுக்காதே.

3. எங்க நிக்குதுன்னு பாரு

பினாங்குல நிக்குற கப்பல்னா யோசிக்கவே வேண்டாம். சுவெட்டன்ஹாம் பியர்ல கரையோட ஒட்டி நிக்கும். இறங்கி நடந்தாலே லிட்டில் இந்தியா. பாப்பாவுக்கு இட்லி ஊட்டிட்டு, குயின் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிட்டுட்டு, தூக்க நேரத்துக்குக் கப்பலுக்குத் திரும்பிடலாம்.

பூக்கெட்ல பாத்தோங் பக்கம் நிக்குற கப்பல்னா நடுக்கடல்ல நங்கூரம் போட்டு, சின்னப் படகுல கரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஸ்ட்ரோலரை மடக்கி, பிள்ளையைத் தூக்கி, வெயில்ல வரிசையில நிக்கணும். தாய்லாந்து மணி நம்ம மணிக்கு ஒரு மணி நேரம் பின்னால. கப்பல் எந்த மணியில ஓடுதுன்னு கேட்டு அதையே கையில கட்டிக்கோ. யாருக்காகவும் கப்பல் காத்திருக்காது.

4. பாஸ்போர்ட்

மைகிட் அட்டை போதாது, பாப்பாவுக்குத் தனிப் பாஸ்போர்ட் வேணும். பன்னெண்டு வயசு வரைக்கும் 100 ரிங்கிட், அஞ்சு வருஷம் செல்லும். பயணத் தேதிக்கு அப்புறம் ஆறு மாசமாவது பாக்கி இருக்கணும். ஆறு மாசம் நிறையாத குழந்தையைப் பெரும்பாலான கப்பல்ல ஏத்த மாட்டாங்க. பெருங்கடல் தாண்டுற நீண்ட பயணம்னா ஒரு வயசு கேப்பாங்க.

5. கேபின்

கப்பலோட நடுப்பகுதியில, கீழ் தளமா கேளு, ஆட்டம் கம்மி. குழந்தைத் தொட்டில் வேணும்னு புக் பண்ணும்போதே எழுதிக் குடு, எண்ணி வச்சிருப்பாங்க.

பால்கனி வேண்டாம்னுதான் சொல்வேன். 2019 ஜூலையில, சான் ஹுவான் துறைமுகத்துல நின்ன ஒரு கப்பலோட பதினோராம் தளத்து ஜன்னல்லருந்து ஒன்றரை வயசுக் குழந்தை விழுந்து இறந்துபோச்சு. ஜன்னல்லயே அப்படின்னா, பால்கனியில ஒரு நிமிஷம் போதும். நடக்கிற பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும். ஜன்னலே இல்லாத உள் கேபின் விலையும் கம்மி, பகல்லயும் கும்மிருட்டு. பாப்பா நல்லா தூங்கும்.

6. பாப்பா மூட்டை உன் கையில

இதுல நாங்க நல்லா மாட்டிக்கிட்டோம். ஏறும்போது பெட்டியை வாங்கிக்குவாங்க, அது கேபினுக்கு வந்து சேர நாலஞ்சு மணி நேரம்கூட ஆகும். பம்பர்ஸ், பால் மாவு, தலைகாணி எல்லாம் பெட்டிக்குள்ள. சின்னவன் அழுத அழுகையில பக்கத்துக் கேபின்காரங்க கதவைத் தட்டிட்டாங்க.

அப்பத்தான் பாட்டி சொன்னது ஞாபகம் வந்துச்சு. நாகப்பட்டினத்துலருந்து ரஜுலா கப்பல்ல ரெண்டு வயசு மாமாவைத் தூக்கிட்டு வந்தவங்க. 1926லருந்து 1973 வரைக்கும் நம்ம ஆளுங்களை ஏத்தி இறக்கின கப்பல் அது. மேல்தளத்துல பாய் விரிச்சுத்தான் பயணம். "டிரங்குப் பெட்டி எங்க போனாலும் போகட்டும், பிள்ளை மூட்டை மட்டும் இடுப்பை விட்டு இறங்கக்கூடாது"ன்னு சொல்வாங்க. ஒரு நாளைக்கு வேண்டிய பம்பர்ஸ், பால், ரெண்டு செட் துணி, காய்ச்சல் மருந்து, அது கட்டிப் பிடிச்சுத் தூங்குற துண்டு, இவ்வளவும் உன் தோள்ல இருக்கட்டும்.

7. சாப்பாடு

குட்டி ரைஸ் குக்கர் கொண்டு போகாதே. தீ பயத்துனால சூடாக்குற மின்சாமான் எதையும் உள்ள விட மாட்டாங்க. வீட்டுல சமைச்சதும் பெரும்பாலும் வாசல்லயே நின்னுடும். பிரிக்காத பால் மாவு, நெஸ்டம் டப்பாவைப் பொதுவா விடுவாங்க. பஃபேயில சோறும் தயிரும் கிடைச்சுட்டா கவலையில்ல. முதல் நாளே பரிமாறுறவங்ககிட்ட "காரமில்லாம"ன்னு சொல்லி வை. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஊட்டிடு.

8. நீச்சல் குளம்

பம்பர்ஸ் போடுற பிள்ளையைப் பெரும்பாலான கப்பல்ல குளத்துல இறக்க விட மாட்டாங்க. நீச்சல் பம்பர்ஸ் போட்டாலும் அதேதான். குழந்தைகளுக்குன்னு தனித் தண்ணி விளையாட்டு இடம் இருக்கான்னு முன்கூட்டியே கேளு. குழந்தைகள் கிளப்ல விட்டுட்டுப் படம் பார்க்கலாம்னு கணக்குப் போடாதே. பல கப்பல்ல மூணு வயசு ஆகணும், பாத்ரூம் பழக்கமும் இருக்கணும்னு சொல்வாங்க.

9. லைஃப் ஜாக்கெட்

2012ல இத்தாலியில கோஸ்டா கன்கோர்டியா கவிழ்ந்தப்போ, புதுசா ஏறினவங்களுக்கு ஆபத்துகாலப் பயிற்சி இன்னும் நடக்கல. அப்புறம்தான் புறப்படுறதுக்கு முன்னாடியோ புறப்பட்ட உடனேயோ நடத்தியாகணும்னு உலக விதியை மாத்தினாங்க. பாப்பா தூங்குதுன்னு சாக்கு சொல்லாம போ. 15 கிலோவுக்குக் கீழ இருந்தா கைக்குழந்தை ஜாக்கெட், அதுக்கு மேலன்னா சிறுவர் ஜாக்கெட். 24 மணி நேரத்துக்கு மேல ஓடுற கப்பல்ல ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஒண்ணு இருந்தாகணும்னு விதி. கேபின்ல இல்லன்னா கேட்டு வாங்கி, ஒரு தடவை போட்டுப் பாரு.

10. கையும் காசும்

கப்பல்ல பரவுற வயித்துப்போக்கு நோரோ கிருமிக்குச் சானிடைசர் சரியா வேலை செய்யாது. சோப்புப் போட்டுத் தண்ணியில கழுவணும். லிஃப்ட் பட்டன், கைப்பிடி எல்லாத்தையும் நக்குற வயசு இது. கப்பல் டாக்டர் பில் கனமா இருக்கும், பாப்பா பேரையும் சேர்த்துப் பயணக் காப்புறுதி எடு. போனை ஏரோபிளேன் மோடுல போடு, கடல் நடுவுல ரோமிங் உன் மாசச் செலவைத் தின்னுடும். பிள்ளைக்குக் கட்டணம் இல்லன்னு விளம்பரம் பண்ணினாலும் துறைமுக வரி இருக்கலாம், ராத்திரிக்கு இவ்வளவுன்னு தலைக்குப் போடுற டிப்ஸும் இருக்கலாம். மொத்தம் எவ்வளவுன்னு கேட்டுட்டுப் பணம் கட்டு.

கடைசியா ஒண்ணு. ஒரு நாளைக்கு ஒரு வேலைதான். காலையில பினாங்குன்னா சாயங்காலம் ஷோ கிடையாது. விட்டுப்போனதை நினைச்சு வருத்தப்படாதே, கப்பல் மறுபடியும் வரும்.

புக் பண்றதுக்கு முன்னாடி பாப்பாவை எடை போட்டுட்டு எனக்கு ஒரு போன் போடு. மடக்கு ஸ்ட்ரோலர் என்கிட்டயே இருக்கு, புதுசு வாங்காதே.