எலும்பு ஒட்டில் ஸ்ட்ரான்சியம்



எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வருகிறவர்களில் அநேகருக்கு மாவுக்கட்டும் ஓய்வும் போதும். எலும்பு தானாகவே கூடிவிடும். ஆனால் லாரி மோதி காலெலும்பில் ஒரு துண்டே நொறுங்கிப்போனாலோ, கட்டியை அகற்றும்போது ஒரு பகுதியை வெட்டி எடுக்க நேர்ந்தாலோ, அந்தப் பெரிய இடைவெளி தானாக மூடாது. அங்கே எலும்பையோ எலும்பு போன்ற ஒரு பொருளையோ வைத்து நிரப்பவேண்டும். இதுவே எலும்பு ஒட்டு.

நோயாளியின் சொந்த இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைப்பதே இன்றும் சிறந்த ஒட்டு. அதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. ஆனால் அதற்காக இன்னொரு இடத்தைக் கீறவேண்டும். சிலருக்கு முறிந்த காலைவிட இடுப்பே அதிக நாள் வலிக்கிறது. சிறு பிள்ளைகளிடம் எடுக்க அதிகம் இருப்பதுமில்லை. ஆகவே கால்சியம் பாஸ்பேட்டினாலான சிமெண்டும், எலும்போடு ஒட்டிக்கொள்ளும் ஒருவகைக் கண்ணாடியும் உபயோகத்துக்கு வந்தன. இந்தக் கண்ணாடியை 1969இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் கண்டுபிடித்தார். இப்பொருட்களில் கால்சியத்தின் ஒரு பங்கை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் எலும்பு நன்றாக வளருமா என்பதே ஆராய்ச்சியாளர்களின் கேள்வி.

ஸ்ட்ரான்சியம் என்றதும் அணுகுண்டு நினைவுக்கு வருகிறதா? அணுகுண்டுச் சோதனைகளின் தூசியில் வந்தது ஸ்ட்ரான்சியம்-90 என்ற கதிர்வீச்சுள்ள வகை. அது புல்லில் படிந்து, பசுவின் பால் வழியாகப் பிள்ளைகளின் எலும்பிலும் பல்லிலும் சேர்ந்தது. ஒட்டில் சேர்ப்பது அதுவல்ல. பாறையிலும் தண்ணீரிலும் இயற்கையாக உள்ள, கதிர்வீச்சு இல்லாத ஸ்ட்ரான்சியம். நம் ஒவ்வொருவர் எலும்பிலும் அது சிறிதளவு ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்கும் இந்த நம்பிக்கைக்கும் காரணம் ஒன்றே: ஸ்ட்ரான்சியம் கால்சியத்துக்கு நெருங்கிய உறவு. உடல் அதைக் கால்சியம் என்றே எண்ணி எலும்பில் சேர்த்துக்கொள்கிறது.

நம் எலும்பு ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. பழையதைக் கரைக்கும் செல்கள் ஒரு பக்கம், புதியதைக் கட்டும் செல்கள் மறுபக்கம். ஸ்ட்ரான்சியம் கட்டுகிறவற்றை ஊக்கப்படுத்தி, கரைக்கிறவற்றைச் சற்று அடக்குகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஸ்ட்ரான்சியம் சேர்த்த கண்ணாடியைச் செல்களோடு வைத்துப் பார்த்தபோது இந்த இரண்டு விளைவுகளும் தெரிந்தன; 2010இல் இதை வெளியிட்டார்கள். அன்றியும் ஸ்ட்ரான்சியம் அணு கால்சியத்தைவிடப் பெரியது. அது நுழையும்போது படிகத்தின் அடுக்கு கொஞ்சம் தளர்கிறது. ஒட்டு மெதுவாகக் கரைந்து, தேவையான இடத்திலேயே ஸ்ட்ரான்சியத்தை விடுகிறது.

"தேவையான இடத்திலேயே" என்பதைக் கவனியுங்கள். எலும்புத் தேய்வுக்கு விழுங்கும் மருந்தாக ஸ்ட்ரான்சியம் ரானிலேட் 2004இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. முதுகெலும்பு முறிவுகள் உண்மையாகவே குறைந்தன. ஆனால் மாரடைப்பு அபாயம் தெரியவந்ததால் 2013இல் இதயநோய் உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக்கூடாது என்று தடுத்தார்கள். முதலில் தயாரித்த நிறுவனம் 2017இல் அதை நிறுத்திவிட்டது. ஒட்டில் வைக்கும்போது இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. அப்படியிருந்தும் அளவு மிஞ்சலாகாது. தீவனத்தில் மிதமிஞ்சிக் கொடுத்தபோது எலிகளுக்கு எலும்பு மென்மையாகும் நோயே வந்தது.

இந்த ஒட்டைப்பற்றிய சோதனைகளில் பெரும்பாலானவை எலி, முயல், செம்மறியாடு ஆகியவற்றில் நடந்தவை. மனிதரிடம் நடந்தவை கொஞ்சமே. ஆகவே இடுப்பெலும்பின் இடத்தை இது பிடித்துவிட்டது என்று சொல்பவர்களை நான் இப்போதைக்கு நம்பமாட்டேன்.

இன்னொன்று. ஸ்ட்ரான்சியம் கால்சியத்தைவிட அதிகமாக எக்ஸ்ரேயைத் தடுக்கும். அதனால் படத்தில் ஒட்டு வெள்ளைவெளேரென்று, உறுதியான எலும்பைப்போலத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, டாக்டர் சொல்லுமுன் ஊன்றுகோலை மூலையில் வைத்துவிடக்கூடாது.