வந்த ஊரும் சொந்த ஊரே

தொழில் நிமித்தமாகப் புது ஊருக்குக் குடிபெயர்வோர் பலர். அவ்வூர் எப்போது சொந்த ஊராகும்? வாடகைக்கு வீடு கிடைத்தால் மட்டும் போதாது. குடும்பத்தோடு ஊரைச் சுற்றிப் பார்த்து, அதன் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

திருவில்லிபுத்தூரில் உள்ளது மடவார் வளாகம். இங்குள்ள வைத்தியநாத சுவாமி கோயிலில் வேண்டிக்கொண்டு, மதுரை மன்னர் திருமலை நாயக்கர் (1623–1659) நோய் நீங்கப் பெற்றார் என்பது மரபுச் செய்தி. நாயக்க மன்னர்களின் தாய்மொழி தெலுங்கு. ஆயினும் இவ்வூர்க் கோயில்களுக்கு அவர் திருப்பணிகள் செய்தார். தமக்கோர் அரண்மனையும் இங்கே கட்டினார்.

அருகிலுள்ள இராஜபாளையமும், தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் வளர்த்த ஊரே. அவர்களுள் ஒருவரான பி. ஏ. சி. இராமசாமி ராஜா 1936இல் அங்கு நூற்பாலை நிறுவினார். வந்தவர் வழியில் வந்தவரே ஊராருக்கு வேலை தந்தார்.

தோழியரே! வகுப்பிற்குப் புதிதாய் வரும் மாணவியை 'வெளியூர்க்காரி' என்று ஒதுக்கலாமா? ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவள் குடும்பத்தாரை அழைத்துச் சென்று அரண்மனையைக் காட்டுங்கள். ஆண்டாள் கோயிற் கோபுரத்தின் 11 நிலைகளை அவள் தம்பி எண்ணிப் பார்க்கட்டும். ஊரை அறிந்தவள் அங்கே அந்நியள் அல்லள்.