சாயம் போன ‘இரசாயனவியல்’

கடந்த ஆசிரியர் தினத்துக்கு எங்கள் வகுப்பு சேர்ந்து இரசாயனவியல் டீச்சருக்கு ஒரு சிறிய கண்ணாடிப் பலகை கொடுத்தோம். அவருடைய பெயரும், கீழே ‘இரசாயனவியல்’ என்ற சொல்லும் நீல நிறத்தில் அச்சிடப்பட்டிருந்தன. இரண்டு வாரம் கழித்து டீச்சர் அதை ஈரத் துணியால் துடைத்திருக்கிறார். ‘இர’ என்ற இரண்டு எழுத்துகளும் துணியோடு போய்விட்டன. “சாயனவியல் என்று புதுப் பாடம் ஒன்று வந்திருக்கிறது பிள்ளைகள். சாயம் ஏன் போனது என்று யாராவது படித்து வந்து சொல்லுங்கள்” என்றார். வகுப்பே சிரித்தது. காசு சேர்த்துக் கடைக்குக் கொடுத்தவள் நான் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் சாச்சா தெமட்டகொடையில், பேஸ்லைன் வீதிக்கு அருகே வேறொரு அச்சுக்கடையில் வேலை செய்கிறார். அங்கும் ‘யூவீ பிளட்பெட்’ இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு சனிக்கிழமை வாப்பாவோடு போய்ப் பார்த்தேன்.

பார்வைக்கு அது ஒரு பெரிய மேசை. மேசையில் உள்ள சிறு துளைகள் காற்றை உறிஞ்சி, வைத்த பலகையை அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. அதற்கு மேலே ஓரிரு மில்லிமீற்றர் உயரத்தில் அச்சுத்தலை இடமும் வலமுமாக ஓடுகிறது. தலையில் நூற்றுக்கணக்கான நுண்துளைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் மின் கொடுத்தால் அசையும் ஒரு பளிங்கு. 1880இல் பியர் கியூரியும் (மேரி கியூரியின் கணவர்தான்) அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் சில பளிங்குகளை அழுத்தினால் மின் பிறப்பதைக் கண்டார்கள். இங்கே நடப்பது அதன் மறுதலை. பளிங்கு அசையும்போது சில பிக்கோலீற்றர் அளவான மைத்துளி வெளியே பாய்கிறது. ஒரு லீற்றரை இலட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைப்பதுதான் ஒரு பிக்கோலீற்றர்!

ஆனால் என்னை அங்கேயே நிற்கவைத்தது மைதான். நம் பேனா மை தாளில் ஊறிக் காய்கிறது. கண்ணாடி எதையும் உறிஞ்சாதே? “இது காயிற மை இல்லை மகள், இறுகுற மை” என்றார் சாச்சா. அச்சுத்தலையோடு கூடவே ஓடும் விளக்கிலிருந்து ஏறத்தாழ 395 நனோமீற்றர் அலைநீளமுள்ள கழியூதா ஒளி விழுகிறது. மையிலுள்ள ஒளித்தொடக்கி மூலக்கூறுகள் அந்த ஒளியில் உடைந்து சுயாதீன மூலிகங்களைத் தருகின்றன. மெதேனும் குளோரினும் சூரிய ஒளியில் தாக்கமடைவதைப் படிக்கிறோமே, அதே மூலிகக் கதை. இங்கே மூலிகம் அக்கிரிலேற்று மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பைத் திறக்கிறது. அது அடுத்ததைத் திறக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் திரவம் பல்பகுதியமாகிவிடுகிறது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த சங்கிலித் தாக்கம் கண்ணெதிரே மேசையில் நடக்கிறது. காற்றிலுள்ள ஒட்சிசன் இடையில் வந்து மூலிகங்களைப் பிடித்துக்கொள்ளும். அதனால் விளக்கு வலுவிழந்தால் மேற்பரப்பு பிசுபிசுக்கும்.

அப்படியானால் எங்கள் ‘இர’ ஏன் போனது? மை இறுகுவது வேறு, ஒட்டுவது வேறு என்றார் சாச்சா. கண்ணாடி வழவழப்பானது; அதில் விரல் எண்ணெய் பட்டிருந்தாலே போதும். முதலில் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், பிறகு ‘பிரைமர்’ பூச வேண்டும். எங்கள் பலகையில் பிரைமர் பூசிய அடையாளமே இல்லையாம். பிளேட்டால் மையில் சிறு கட்டங்கள் கீறி, செலோடேப்பை ஒட்டி இழுத்துப் பார்ப்பது இந்தத் தொழிலின் வழக்கமான சோதனை. கழிவுத் துண்டொன்றில் நானே செய்து பார்த்தேன். பிரைமர் பூசாத பக்கத்தில் பாதி மை டேப்போடு வந்தது.

பெற்றோருக்கும் ஒரு செய்தி இதில் உண்டு. தம்பி, தங்கைகளின் தண்ணீர்ப் போத்தலிலும் சாப்பாட்டுப் பெட்டியிலும் இப்போது பெயர் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். 2005இல் இத்தாலியில் குழந்தைப் பாலில் ஐடிஎக்ஸ் என்ற ஒளித்தொடக்கி கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. மை இருந்ததோ பெட்டியின் வெளிப்பக்கத்தில்! அந்த அளவால் உடல்நலத்துக்கு ஆபத்தில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை பின்னர் கூறினாலும், பால் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சாச்சா போத்தலின் வாய் விளிம்பிலும் தட்டின் உட்பக்கத்திலும் அச்சிட மாட்டார்; வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் சரி. இறுகாத மை தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம் என்பதால் கையுறை இல்லாமல் மைப் போத்தலைத் தொடவும் விடமாட்டார். நான் தொடப்போய் ஏச்சு வாங்கினேன்.

புதிய பலகையை அவரே செய்து தந்தார். ஓரத்தில் அச்சிட்ட ஒரு சோதனைப் புள்ளியில் டேப்பை ஒட்டி இழுத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். புள்ளி அப்படியே இருந்தது. டீச்சர் அதை வாங்கிக்கொண்டார், ஆனால் பழையதைத் திருப்பித் தரவில்லை. சுயாதீன மூலிகப் பாடம் தொடங்கும் நாளில் ‘சாயனவியல்’ மேசைக்கு வருமாம்.