மாரடைப்பு: "வாயு" என்று படுத்துவிடாதீர்கள்!



"டிரசர் ஐயா, ராத்திரியெல்லாம் நெஞ்ச அடைச்சுது. வாயுன்னு நெனச்சு இஞ்சித் தண்ணி குடிச்சிட்டுப் படுத்துட்டேன். பெரட்டுக்குப் போகலேன்னா சம்பளம் போயிடுமே!"

நம் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவர் என்னிடம் சொன்னது இது. உயிர் தப்பினார். ஆனால் இருதயத் தசையில் ஒரு பகுதி அந்த இரவிலேயே செத்துப்போயிருந்தது. இன்று நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது.

மாரடைப்பு என்றால் என்ன?

இருதயமும் ஒரு தசைதான். அதற்கென்று தனி இரத்தக் குழாய்கள் உண்டு. பல வருடங்களாக அவற்றின் உட்சுவரில் கொழுப்பு படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடிக்கும். பாலில் ஆசிட் ஊற்றினால் கட்டிப்போகிறதல்லவா? அதுபோல அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். இரத்தம் போகாத தசை சாகத் தொடங்கும். செத்த தசை மறுபடி வளராது.

எப்படித் தெரிந்துகொள்வது?

1. நடு நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தும், ஓய்வெடுத்தாலும் விடாது.
2. வலி இடது கை, தோள், தாடை, முதுகுக்குப் பரவலாம்.
3. குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல் வரலாம்.

கவனியுங்கள்: இனிப்புநீர்க்காரர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல், களைப்பும் மூச்சு முட்டலும் மட்டுமே வரலாம். நம் இந்தியர்களிடையே இனிப்புநீர் அதிகம் என்பதை மறக்காதீர்கள்.

என்ன செய்வது?

நடக்க விடாமல் உட்கார வையுங்கள். உடனே 999-க்கு அழையுங்கள்; மருந்தகத்துக்கும் ஆள் அனுப்புங்கள். அவரே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகக்கூடாது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும் வயிற்றுப்புண் உள்ளவர்களும் உண்டு. ஆகவே கேட்காமல் கொடுக்காதீர்கள். மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, கட்டியைக் கரைக்க ஊசி போடுவார்கள். அல்லது பலூன் வைத்து அடைப்பைத் திறக்க அனுப்புவார்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு தசை பிழைக்கும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சம்பளம் போகுமே என்ற பயமா? டாக்டர் எழுதிக் கொடுத்த மருத்துவ விடுப்புக்குச் சம்பளம் உண்டு என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். சந்தேகம் இருந்தால் சங்கக் கிளைத் தலைவரைக் கேளுங்கள்.

மாரடைப்பு வந்தால் வாழ்வு முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்தபோது, 1989இல் அவருக்கு மாரடைப்பு வந்தது. கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் பைபாஸ் அறுவை செய்தார்கள். 2007இல் தேசிய இருதயக் கழகத்தில் மறுபடியும் ஒன்று. 2025இல் அவர் நூறு வயதைத் தொட்டார்!

"நான் உழைக்கிறவன், எனக்கு வராது" என்று சொல்லாதீர்கள். புகை பிடிப்பவரையும், இரத்த அழுத்தம், இனிப்புநீர், கொழுப்பு உள்ளவரையும் உழைப்பு மட்டும் காப்பாற்றாது. சிகரெட்டை விடுங்கள். கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். நாற்பது வயது தாண்டியவர்கள் வருடம் ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.

இஞ்சித் தண்ணீர் வாயுவுக்கு நல்லது; அடைத்த குழாயை அது திறக்காது. நெஞ்சு அடைத்தால் நடுச்சாமமானாலும் என் கதவைத் தட்டுங்கள். வாயுவாகவே இருந்துவிட்டால் இருவரும் சிரித்துக்கொள்ளலாம்!