குரல் கேட்பவருக்கு ஒரு துணை

காதருகே யாரோ பேசுவதுபோலக் கேட்பது, எல்லாரும் தன்னையே கண்காணிப்பதாகத் தோன்றுவது... இதில் தவிப்பவரிடம், அதையே கடந்து வந்த இன்னொருவர் "எனக்கும் இருந்துச்சு" என்று சொன்னால் கிடைக்கிற தெம்பே தனி. சிகிச்சைக்கு அது மாற்று அல்ல. சிகிச்சையோடு சேர்ந்து தேவைப்படுவது.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இப்படி அனுபவப்பட்டவர்கள் கூடிப் பேசும் குழுக்கள் பற்றிக் கேளுங்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

முதல் கூட்டத்தில் கதவோரமாக உட்காருங்கள். படபடப்பு வந்தால் எழுந்து வெளியே போய்வரலாம் என்ற நினைப்பே பாதி பயத்தைப் போக்கிவிடும். பேசியே ஆகவேண்டும் என்பதில்லை. பெயரைச் சொல்லிவிட்டு மற்றவர்கள் சொல்வதைக் கேட்டிருந்தாலே போதும். கூட வந்த அம்மாவோ அண்ணனோ வெளியே காத்திருக்கட்டும். வீட்டார் முன்னால் பலருக்கு வாய் திறக்காது.

அங்கே பேசியது வெளியே போகாது என்ற உறுதி வேண்டும். "மாத்திரையை நிறுத்து, மந்திரித்தால் சரியாகிவிடும்" என்று வற்புறுத்தும் இடமா? மறுபடி போகாதீர்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளச் சொல்லும் குரல் கேட்டால் கூட்டநாள்வரை பொறுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.