மூணு நாளில் சிவப்பு போகும், அப்புறம்?

நம்பிக்கை: "முகம் சிவந்து எரியுதா? மெடிக்கல்ல ஒரு டியூப் வாங்கித் தடவு, மூணு நாள்ல சரியாயிடும்."

உண்மை: சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அடிவரை பிதுக்கிச் சுருட்டிய டியூபை மேஜைமேல் வைத்து, "பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க டாக்டர்" என்பார்கள். பிரித்துப் பார்த்தால் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபிட்டசால் என ஏதோ ஒன்று இருக்கும். எல்லாமே ஸ்டீராய்டு. அது தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் சிவப்பு மறைகிறது, நிறமும் வெளுத்தாற்போல் தெரிகிறது. ஆனால் சிவப்புக்குக் காரணமான ரோசேசியா என்ற தோல் நோய் அப்படியேதான் இருக்கிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, விரிந்த குழாய்கள் சிவப்பு நூலாக வெளியே தெரியும். பரு கிளம்பும், முடி முளைக்கும். நிறுத்தினால் முன்னைவிட எரியும், கை மறுபடி டியூபைத் தேடும். ரோசேசியாவே இல்லாதவருக்கும் இந்தக் கிரீம் அதே முகத்தைக் கொடுத்துவிடும்.

2011-இல் வெளியான ஆய்வொன்றில், நாட்டின் 12 மையங்களுக்கு முகத்தோல் கோளாறுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசியவர்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே அல்ல! நெடுநாள் பூசியவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

நம்பிக்கை: ரோசேசியா வெள்ளைக்காரர் நோய்.
உண்மை: மாநிறத்தில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது, அவ்வளவுதான். கன்னத்தில் சூடும் எரிச்சலும் சீழ்ப்பருவும் இருந்து கரும்புள்ளி (பிளாக்ஹெட்) இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். கண் உறுத்தினால் அதையும் சொல்லுங்கள்.

நம்பிக்கை: குடித்தால் வரும்.
உண்மை: குடி தூண்டலாம். குடிக்காதவருக்கும் வரும்.

நம்பிக்கை: ஒட்டிக்கொள்ளும்.
உண்மை: ஒட்டாது.

நம்பிக்கை: எலுமிச்சை தேய்த்தால் போகும்.
உண்மை: புண்தான் ஆகும்.

அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். மெட்ரோனிடசோல் ஜெல், ஐவர்மெக்டின் கிரீம், தேவைப்பட்டால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை; எது யாருக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி ஓட்டுபவர்கள் எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீன் இல்லாமல் கிளம்பாதீர்கள். கொதிக்கும் காபி, அதிகக் காரம், அடுப்பு வெக்கை இவற்றில் உங்களுக்கு எது ஆகவில்லை என்று குறித்து வையுங்கள். செலவுக்குப் பயந்தால் மின்சார ரயிலேறி பார்க் ஸ்டேஷனில் இறங்குங்கள், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது.

கடைக்காரர்களுக்கும் ஒன்று. 2018 மார்ச்சில் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டு கிரீம்களை அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டில்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். வாங்குபவர்களே, ஒவ்வொரு டியூபுக்கும் பில் கேளுங்கள். சீட்டில்லாமல் நீட்டும் கடையைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதுங்கள்.